ஆற்று நீரில் ஓர் அறை



இலங்கையின் வரைபடத்தை எடுத்துக் கிழக்குக் கரையைப் பாருங்கள். கடலை ஒட்டி, வடக்குத் தெற்காக ஒரு நீர்ப்பட்டை நீண்டு கிடக்கும். அதுதான் மட்டக்களப்பு வாவி. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை 56 கிலோ மீட்டர் நீளம். புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள். ஊர் மக்கள் வாயில் அது 'ஆறு'தான்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்துக்கு எழுவான்கரை என்று பெயர். சூரியன் எழும் கரை. வயலும் காடுமாய் விரிந்து கிடக்கும் மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் படுக்கப் போகும் கரை. இவ்வளவு அழகான பெயர்களை யார் வைத்தார்களோ!

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே சுமார் 6 கிலோ மீட்டர் போனால் காத்தான்குடி. பிரதான வீதியின் நடுவே வரிசையாகப் பேரீச்ச மரங்கள் நிற்கும். வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் நெருக்கமான ஊர். கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் ஆறு. உறவு முறையில் எனக்கு ராத்தாவான ஒருவர் அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறார். அவர்கள் வீட்டில் நான் தங்கியிருந்த நாட்களில் கண்டதையும் கற்றதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஆற்றங்கரையில் ஒரு படகு

மச்சான் திருகோணமலையில் ஒரு பழைய பாய்மரப் படகை விலைக்கு வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து ஆற்றங்கரையில் கட்டைகளின் மேல் நிறுத்தி வைத்திருந்தார். 26 அடி நீளம், பைபர் உடல், வயது நாற்பதுக்கு மேல். வாவி ஆழம் குறைந்தது. மிக ஆழமான இடத்திலும் ஏறக்குறைய 4 மீட்டர்தான். அதனால் அடியில் நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருக்கும் கீல் உள்ள படகு இங்கே தரை தட்டும். இந்தப் படகில் நடுப்பலகையைத் தேவைக்கு இறக்கலாம், ஏற்றலாம். மச்சான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மண்முனைத் துறை வரை போய், ஆற்றிலேயே இரவு தங்கி வர வேண்டும் என்பது அவர் ஆசை. ராத்தாவுக்கு ஒரே ஒரு கேள்விதான்: "அந்தப் பொந்துக்குள்ள என்ட மூணு புள்ளைகளையும் படுக்க வைக்கலாமா?"

நியாயமான கேள்வி. உள்ளே எட்டிப் பார்த்தேன். முன்பக்கம் முக்கோணமாக ஒடுங்கும் ஒரு படுக்கை. பஞ்சு மெத்தையில் கறுப்பாகப் பூஞ்சணம். நடுவே ஒரு மரத்தடுப்பு. மூடிக் கிடந்த வீட்டின் வாசனை.

முதலில் ஈரம், பிறகுதான் அழகு

வேலைக்கு வந்தவர் வயதான ஓடாவி. நாம் தச்சர் என்பவரை இப்பகுதி முஸ்லிம்கள் ஓடாவி என்பார்கள். அவர் முதலில் உளியைத் தொடவில்லை. பழைய மெத்தைகளை வெளியே எறியச் சொன்னார். பிறகு சுத்தியலின் பிடியால் மேல்தட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். 'டங்' என்று கேட்டால் நல்லது. 'பொத்' என்று கேட்டால் உள்ளே இருக்கும் மரம் நீர் குடித்து மெதுவாகிவிட்டது. மேல்தட்டில் ஆணி, வளையம், கொக்கி பதித்த ஒவ்வோர் இடமும் நீர் இறங்கும் வழி. பாய்மரக் கம்பிகள் உடலோடு சேரும் இடங்களில்தான் ஒழுக்கு அதிகம்.

சகோதரிகளே, வீட்டில் சுவர் கசிய, மேலே புது வர்ணம் பூசினால் என்ன ஆகும்? அதேதான் படகிலும். அந்தக் கொக்கிகளைக் கழற்றி, துளைகளை அடைத்து, வாளி வாளியாக நீர் ஊற்றிப் பார்த்து, ஒரு சொட்டும் இறங்கவில்லை என்று உறுதியான பிறகே உள்வேலை தொடங்கியது.

எடுக்கக் கூடாத தடுப்பு

ராத்தாவின் யோசனை வேறாக இருந்தது. நடுவே நிற்கும் மரத்தடுப்பை எடுத்துவிட்டால் உள்ளே ஒரே அறையாக விசாலமாக இருக்குமே என்றார். ஓடாவி தலையை ஆட்டினார்.

"இல்ல மகள். மேல நிக்கிற பாய்மரத்துட பாரம் முழுக்க இதுலதான் இறங்குது. இத எடுத்தா மேல்தட்டு குழியும், போட் முறுகும்."

பாய்மரம் படகின் அடி வரை இறங்காமல் மேல்தட்டின் மேலேயே நிற்கும் வகைப் படகுகளில், கீழே உள்ள தடுப்பும் தூணும்தான் அதைத் தாங்குகின்றன. காற்று வீசும்போது கம்பிகள் இழுக்க, அந்தப் பாரம் பன்மடங்காகும். படகுக்குள் இருக்கும் பலகைகளில் சில வெறும் மறைப்பு, சில எலும்பு. எது எது என்று தெரியாமல் வாள் வைக்கக் கூடாது.

தடுப்பு நின்றது. ஆனால் அழுகிப் போயிருந்த அதன் கீழ்ப்பகுதியை வெட்டி, நீர் தாங்கும் மெரைன் பிளைவுட் வைத்து ஒட்டினார்கள். பிளைவுட்டின் வெட்டு விளிம்புகள் நீரை உறிஞ்சும். ஆகவே ஒவ்வொரு விளிம்புக்கும் எபொக்சி பூச்சு. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு.

பைபர் உடலைத் தேய்த்த நாட்களில் பிள்ளைகளை ஓடாவி கிட்டே வர விடவில்லை. அந்தத் தூள் தோலை அரிக்கும், மூச்சில் போகும். ரெசினோடு கலக்கும் மருந்து கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் அந்த நெடியின் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

படுக்கை என்றால் எவ்வளவு?

மனிதர் ஒருவர் நிம்மதியாகப் புரள, தோள்பட்டை இருக்கும் இடத்தில் 2 அடி அகலம் வேண்டும்; நீளம் ஆறேகால் அடி. முன்பக்க முக்கோணத்தில் தலைகளை அகலமான பக்கம் வைத்தால், கால்கள் ஒடுங்கும் இடத்தில் ஒன்றோடொன்று முட்டும். இரு பிள்ளைகளுக்கு அது போதும். பெரியவர்களுக்கு இருபுறமும் நீளப் பலகைகள். நடுப்பலகை ஏறி இறங்கும் கூடு அறையின் நடுவே துருத்திக்கொண்டு நின்றது. அதையே காலாகக் கொண்டு மடக்கு மேசை ஒன்றைப் பொருத்திவிட்டார் ஓடாவி.

மெத்தைக்கு அடியில் முன்பு முழுப் பலகை இருந்தது. உடல் சூடும் வியர்வையும் இறங்கி, அடியில் ஈரம் கட்டி, அதுவே பூஞ்சணத்துக்கு வீடாகியிருந்தது. இப்போது அதற்குப் பதிலாக இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள். மேலே மெல்லிய மெத்தை. அதன் மேல் என்ன விரிப்பது என்ற கேள்விக்கு மாமி பதில் வைத்திருந்தார்: பன்பாய்.

கிழக்கிலங்கையில் சதுப்பு நிலத்தில் வளரும் பன் புல்லை அறுத்து, காயவைத்து, சாயமேற்றி, நம் பெண்கள் கையால் பின்னும் பாய் அது. குளிர்ச்சியானது, சுருட்டி வைக்கலாம், வெயிலில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். திரைச்சீலைக்கு மருதமுனைக் கைத்தறித் துணி. கல்முனைக்குப் பக்கத்து ஊரான மருதமுனையின் தறிகளை இலங்கையில் அறியாதவர் குறைவு.

கடைக்குட்டி உருண்டு விழாமல் இருக்க, படுக்கையின் ஓரத்தில் முழ அகலத் துணியைக் கட்டி மேலே இழுத்து நிறுத்தினார்கள். கடலோடிகள் காலங்காலமாகச் செய்வது. பார்ப்பதற்கு நம் துணித் தொட்டில் போலவே இருக்கும். தொட்டிலை அங்கே 'ஏணை' என்பார்கள்.

காற்றும் கொசுவும்

ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இங்கே அனலைக் கொண்டுவரும். அந்த நாட்களில் மூடிய படகு அடுப்புதான். ஆனால் ஓர் இரகசியம் உண்டு. மூக்கில் கயிறு கட்டி நங்கூரம் போட்ட படகு, தன் முன்பக்கத்தைக் காற்றை நோக்கித் திருப்பிக்கொண்டு நிற்கும். ஆகவே முன்தட்டில் இருக்கும் மேல்கதவை முன்னோக்கித் திறக்கும்படி வைத்தால், அது காற்றை அள்ளி உள்ளே தள்ளும். பின்வாசல் வழியே காற்று வெளியேறும். இரண்டு வழிகளும் திறந்திருக்க வேண்டும். கொசுவலை கட்டினால் காற்று குறையும் என்பதால் வாயைச் சற்றுப் பெரிதாகவே வெட்டினார்கள்.

கரையில் சும்மா கிடக்கும் படகும் அதன் மேல் போர்த்திய படங்கும் மழை நீரைத் தேக்கினால் டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வாரம் ஒருமுறை கவிழ்த்து ஊற்றுவது வீட்டுப் பெண்களின் கண்ணில் இருக்க வேண்டிய வேலை.

இன்னொன்று உயிர்க் காரியம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் தங்கும். ஒரு தீப்பொறி போதும். எனவே சிலிண்டரைப் படுக்கையறையில் வைக்கவே கூடாது. எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்க உள்ளே தூங்கவும் கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார்.

ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள்

முன்னறைக்கு ஒரு கதவும் உள்தாழ்ப்பாளும் வேண்டும் என்பதில் ராத்தா விட்டுக்கொடுக்கவில்லை. கழிப்பிடத்துக்கு மூடியுள்ள சிறு பெட்டிக் கழிப்பறை; கரைக்கு வந்துதான் அதைக் காலி செய்ய வேண்டும். பலரின் சோறு இந்த ஆற்று மீனிலும் இறாலிலும் இருக்கிறது.

"இத்தனூண்டு போட்டுக்குக் கதவா?" என்று மச்சான் சிரித்தபோது எனக்கு இப்னு பதூதா நினைவுக்கு வந்தார். 1344இல் இலங்கைக்கும் வந்து போன அந்தப் பயணி, அதற்கு முன் கோழிக்கோட்டில் சீனக் கப்பல்களைப் பார்த்தார். அவற்றில் கழிப்பறையோடு கூடிய அறைகள் இருந்ததையும், பயணி தன் வீட்டுப் பெண்களோடு உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ள முடிந்ததையும் வியந்து எழுதினார். அவருக்குக் கொடுத்த அறையிலோ கழிப்பறை இல்லை. அதனால் தன்னோடு வந்தவர்களையும் சாமான்களையும் ஒரு சிறிய கப்பலுக்கு மாற்றினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக அவர் கரையில் தங்கியிருக்க, புயல் வந்து பெரிய கப்பலை உடைத்தது. ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன்பே நல்ல பயணி கேட்டது கதவும் கழிப்பறையும்தான் என்றால், ராத்தா கேட்டதில் என்ன தவறு?

மாமியின் தயக்கம்

எல்லாம் முடிந்த பிறகும் மாமி மட்டும் படகில் ஏறவில்லை. காரணத்தை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. போர்க்காலத்தில் எழுவான்கரையும் படுவான்கரையும் இரு வேறு உலகங்களாகப் பிரிந்து கிடந்தன. இரவில் ஆற்றைப் பார்ப்பதே அச்சமாக இருந்த வருடங்கள் அவை. 1990 ஆகஸ்ட் 3 அன்று இரவுத் தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்த ஊரின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் கடலே எழுந்து வந்தது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த நாவலடி சிதைந்துபோனது. நீரின் மேல் தூங்குவது அந்தத் தலைமுறைக்கு எளிய காரியமல்ல.

முதல் இரவுக்கு மச்சான் தூரம் போகவில்லை. வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நங்கூரம் போட்டார். பிள்ளைகள் மூவருக்கும் உயிர்காப்புச் சட்டை. இஷாவுக்குப் பிறகு மாமி கரைக்கு வந்தார். சற்று நேரம் நின்றார். "புள்ளைகள் தனியாவா இருக்கிற?" என்று சொல்லிக்கொண்டே சிறு தோணியில் ஏறி வந்து, பன்பாயில் கடைக்குட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டார். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்ட சத்தம் எங்களுக்குக் கேட்டது.

நீங்களும் போனால்

மாரி மழை கார்த்திகை முதல் தை வரை. அப்போது ஆறு பெருகும். பாலமீன்மடு முகத்துவாரத்தில் நீர் கடலுக்குப் பாயும். இழுப்பு பலமாக இருக்கும். குடும்பத்தோடு போகப் பங்குனி முதல் புரட்டாதி வரை நல்லது. பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு இன்றும் நிற்கிறது. 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலத்தின் அருகே 2013இல் புதிய பாலம் வந்தது. மண்முனையில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் துறை கடத்திய மிதவைக்குப் 'பாதை' என்று பெயர். 2014இல் அங்கும் பாலம் திறந்தார்கள்.

நிலவுள்ள இரவில் கல்லடியில் படகு கிடைத்தால், எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், நீருக்குள்ளிருந்து யாழின் நரம்பு அதிர்வது போன்ற இசையைக் கேட்டதாகவும், படகின் மரத்தில் காதை வைத்தபோது அது பலமாகக் கேட்டதாகவும் எழுதினார். ஊர் மக்கள் துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையைக் காதில் வைப்பார்கள். மீன் பாடுகிறதா, சிப்பி பாடுகிறதா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. நீங்களே கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.