மணி 11 ஆகும்வரை

நவம்பர் 8

முதல் உலகப் போரின் கடைசி நாட்களை, அந்தந்தத் தேதியிலேயே எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1918-இல் இதே நாள் காலையில், பிரான்ஸின் கொம்பியேன் காட்டுக்குள் நிறுத்தியிருந்த ரயில் பெட்டிக்கு ஜெர்மன் தூதுக்குழு வந்தது. தலைவர் எர்ஸ்பெர்கர், ராணுவத்தார் அல்ல, அரசியல்வாதி. பேச்சு முடியும்வரையாவது சண்டையை நிறுத்திவையுங்கள் என்று கேட்டார்கள். நேசநாட்டுத் தலைமைத் தளபதி ஃபோஷ் முடியாது என்றுவிட்டார். கையெழுத்துப் போட 72 மணி நேரக் கெடு. அதுவரை தாக்குதல் நடக்கும்.

ஃபோஷ் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. மூச்சுவிட நேரம் கிடைத்தால் எதிரி அணிதிரண்டுவிடுவான் என்ற பயம். எர்ஸ்பெர்கரை 1921-இல் தீவிர வலதுசாரிகள் சுட்டுக் கொன்றார்கள். போரில் தோற்ற தளபதிகளை விட்டுவிட்டு, நிறுத்தக் கையெழுத்திட்டவரைக் கொன்றார்கள்.

நவம்பர் 9

ஜெர்மன் பேரரசர் கைசர் பதவியிழந்த நாள். எனக்கென்னவோ அவர் கதி அன்றைக்கு முடிவானதாகத் தோன்றவில்லை. ஆகஸ்ட் 8, அமியான் நகருக்குக் கிழக்கே விடியற்காலை மூடுபனியில் நேசநாட்டுப் படைகள் தாக்கியபோதே அது முடிவாகிவிட்டது. அதற்கு முன் பெரிய தாக்குதல் என்றால் பெரும்பாலும் முதலில் நாள்கணக்கில் பீரங்கி அடிப்பார்கள், எதிரி உஷாராகிவிடுவான். அன்று அந்த முன்னறிவிப்பே இல்லை. 500-க்கும் மேற்பட்ட டாங்கிகள் நகரும் சத்தம் கேட்காமலிருக்க மேலே விமானங்களைப் பறக்கவிட்டார்கள். கனடா, ஆஸ்திரேலியப் படைகள் சில இடங்களில் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் முன்னேறின. ஜெர்மன் தளபதி லுடென்டார்ஃபைக் கலங்கடித்தது பறிபோன மண் அல்ல, கூட்டங்கூட்டமாகச் சரணடைந்த தன் வீரர்கள்.

செப்டம்பர் 29-இல் ஜெர்மானியரின் ஹிண்டன்பர்க் அரண் வரிசை உடைந்தது. கப்பல்களிலிருந்து கொண்டுவந்த மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள் சான் கான்டான் கால்வாயைக் கடந்தார்கள். போர்நிறுத்தம் கேட்டே ஆகவேண்டும் என்று கைசரிடம் லுடென்டார்ஃப் சொன்னதும் அதே நாள்தான். அதற்குப் பிறகு ஆறு வாரம்! தோற்றுவிட்டோம் என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். பதுங்குகுழியில் கிடந்தவனுக்கு யார் சொன்னார்கள்?

நவம்பர் 10

நாளை கையெழுத்தாகும் என்று எல்லோரும் எதிர்பார்த்த இந்த இரவிலும், அமெரிக்கக் கடற்படைப்பிரிவு வீரர்கள் குண்டுமழையில் மியூஸ் ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். மேற்கொண்டு படிக்க மனம் வரவில்லை.

நவம்பர் 11

அதிகாலை 5 மணி தாண்டிச் சில நிமிடங்களில் கையெழுத்தானது. சண்டை நிற்பது 11 மணிக்கு. கம்பியில்லாத் தந்தியில் செய்தி பறந்தது. சில தளபதிகள் தங்கள் ஆட்களை அப்படியே நிறுத்திக் காப்பாற்றினார்கள். சிலர் நிறுத்தவில்லை. ஸ்தெனே என்ற ஊரில் குளிக்க வசதி இருக்கிறது, அசதியில் கிடக்கும் வீரர்களுக்கு உதவும் என்று ஓர் அமெரிக்க ஜெனரல் அதைப் பிடிக்கச் சொன்னார். 300-க்கும் மேற்பட்டோர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள்.

பிரெஞ்சு வீரர் ட்ரெபுஷோன், படைக்குச் சூப் எப்போது கிடைக்கும் என்ற தகவலை எடுத்துக்கொண்டு ஓடும்போது சுடப்பட்டார். அவர் கல்லறையில் நவம்பர் 10 என்று செதுக்கியிருக்கிறார்கள். போர் முடிந்த நாளில் ஒருவன் செத்தான் என்று எழுத அரசுக்குக் கை வரவில்லை.

10:59-க்குச் செத்தவர் அமெரிக்க வீரர் ஹென்றி குந்தர். ஜெர்மன்காரர்களே கையசைத்துத் திரும்பிப் போகச் சொல்லியும் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடியிருக்கிறார். ஊருக்கு எழுதிய கடிதத்தில் ராணுவ வாழ்க்கையைக் குறைசொன்னதற்காகப் பதவி இறக்கப்பட்டவர் அவர். செத்த பிறகு சார்ஜன்ட் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இரு தரப்பிலும் அன்று ஒருநாளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 2,700 பேர். மூன்று நாள் முன்பு ஃபோஷுக்குப் பரிந்து எழுதியதை அடிக்க மாட்டேன். ஆனால் கையெழுத்துக்குப் பிந்தைய அந்த ஆறு மணி நேரத்துக்கு எந்த ராணுவக் காரணமும் கிடையாது. வேண்டிய நிலமெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியாகிவிட்டது. பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. மேலிருந்து வந்த ஃபோஷின் உத்தரவுப்படி நடந்தேன் என்றார் அமெரிக்கத் தளபதி பெர்ஷிங். தண்டனை என்று யாருக்கும் எதுவும் இல்லை.