ஞாயிற்றுக்கிழமை இல்லாத வாரம்

மன்னர் கல்லூரியின் பேச்சு வீட்டில் எழும்போதெல்லாம் எங்கள் அம்மா முத்துலட்சுமி ரெட்டியின் கதையைத் தொடங்கிவிடுவார். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அப்பெண், ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு, திரைக்குப் பின்னே அமர்ந்து பாடம் கேட்ட கதை. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, தம் மாணவிகளுக்கும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை. அப்படிப்பட்டவர் மார்பில் இருந்த கட்டியை எட்டு மாதங்கள் எவரிடமும் சொல்லாமல் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தார் என்பதை 2009இல்தான் நாங்கள் மூவரும் அறிந்தோம். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சமாம். அன்று வந்த கோபம் இன்னும் எங்களுக்கு முழுதாக ஆறவில்லை.

அறுவை முடிந்தபின் கதிர்வீச்சுக்காக அடையாறு சென்றோம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் முத்துலட்சுமியின் மனத்தில் பல்லாண்டுகள் கிடந்து, 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளோடு மருத்துவமனையாக எழுந்த இடம் அது. எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் துக்கத்தில் பிறந்த வளாகத்துக்குள் நோயாளியாக நுழைகிறோம் என்பதில் அம்மாவுக்கு விசித்திரமான ஓர் உரிமை உணர்வு இருந்தது.

சிகிச்சை ஐந்து வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை கதிர்வீச்சு, சனியும் ஞாயிறும் ஓய்வு. காத்திருக்கும் நேரத்தில் அம்மா டாக்டர் வி. சாந்தாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் எங்களைப் படித்துக் காட்டச் சொல்வார். அரசு மருத்துவமனைப் பணி கைக்கு வந்தும் அதை ஏற்காமல், 1955 ஏப்ரலில் இவ்வளாகத்துக்குள் குடியேறியவர். முதல் மூன்றாண்டுகள் ஊதியம் இல்லை. பிறகு மாதம் 200 ரூபாய். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்திக்குப் பின் 1980இல் இயக்குநரானார். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து அவ்விருவரும் செய்த ஆய்வின் முடிவு வெளியானதும் அதே ஆண்டில்தான். வெற்றிலையோடு புகையிலை மென்றே வாய் புண்ணாகி மாண்ட எங்கள் அப்பத்தாவை அப்போது நினைத்துக்கொண்டோம்.

ஆய்வு, கூட்டம், வார்டு, மாணவர்களுக்குப் பாடம், பணம் கட்ட இயலாதவர்களுக்காக நன்கொடை திரட்டும் அலைச்சல் என்று ஓர் இயக்குநரின் வாரம் எப்படி நிறையும் என்பதை ஊகிக்கலாம். ஓய்வை எங்கே வைப்பது என்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. பணியிடமும் வீடும் ஒரே மதிலுக்குள் இருந்தால், எந்தக் கதவைச் சாத்தினால் வேலை முடிந்ததாகும்? இதை முழுமனத்தோடு வியக்கவும் எங்களால் முடியவில்லை. ஒருவர் தம் ஞாயிறுகளைக் கொடுத்துத்தானா நமக்கு மருத்துவம் கிடைக்க வேண்டும் என்ற எரிச்சலும் உடன் வந்தது.

எங்களுக்கோ ஞாயிறு இருந்தது. பெசன்ட் நகர் கடற்கரைக்கு அம்மாவை அழைத்துப் போவோம். மருந்தால் முடி உதிர்ந்த தலையைச் சேலை முந்தானையால் மூடி, மணலில் கால் நீட்டி அமர்ந்து சுண்டல் தின்பார். ஒருநாள், "அந்த அம்மாவுக்கு இன்னிக்காவது லீவு இருக்குமா?" என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. அவரை நாங்கள் நேரில் கண்டதுமில்லை.

ஊர் திரும்பிய பின் அம்மா வேறு ஆளானார். தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டே பெண்களிடம், "உடம்பில் கட்டி கிட்டி இருந்தா மறைக்காதே" என்று பச்சையாகக் கேட்பார். எங்களுக்கே கூச்சமாக இருக்கும். இருவரை அவரே கையைப் பிடித்து மருத்துவமனைக்கு இழுத்துப் போயிருக்கிறார். ஒருத்திக்கு ஒன்றுமில்லை. மற்றவளுக்கு இருந்தது. நேரத்தோடு தெரிந்ததால் பிழைத்தாள்.

2021 ஜனவரி 19 அன்று சாந்தா தம் 93ஆம் வயதில் மறைந்த செய்தி தொலைக்காட்சியில் வந்தது. அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். செவ்வாய் என்றோம்.

"வேலை நாள்தான்" என்றார்.