பீச்சிலிருந்து தாம்பரம் வரை

பாரம்பரியம் என்று பேச்சு எழுந்தால் சென்னைக்காரர்கள் கோட்டைக்கும் மயிலாப்பூருக்கும்தான் ஓடுவார்கள். பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி பிடித்தால் தெரியும், ஊரைவிட வயதான சங்கதிகள் அடையாற்றைத் தாண்டித்தான் கிடக்கின்றன. 1931இல் இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஆபீஸ் ஒரு கோடியில், வீடு மறு கோடியில் என்று சம்பளக்காரர்கள் துணிந்து மனை வாங்கியது அதை நம்பித்தான்.

எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம் மளமளவென்று போய்விடும். மாம்பலத்தில் கிழக்கே இறங்கினால் ஏரியைத் தூர்த்து எழுப்பிய தியாகராய நகர். மேற்கே அயோத்தியா மண்டபத்து பஜனையும் உபன்யாசமும். எனக்கு மேற்கு வாசல்தான் பிடிக்கும். அங்கே கூடுகிறவர்கள் எதையும் வாங்க வருவதில்லை.

அடையாற்றைக் கடந்தால் குடியிருப்போர் நலச்சங்கங்களின் ராஜ்யம். தெருமுனையில் பதிவு எண்ணோடு ஒரு பலகை, பக்கத்தில் கொடிக்கம்பம். குடியரசு தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை. பழவந்தாங்கலில் மழை வந்தால் சுரங்கப்பாதை குளமாகும். அதைத் தாண்டித்தான் நங்கநல்லூரின் 32 அடி ஆஞ்சநேயரைப் பார்க்கப் போக வேண்டும்.

பல்லாவரத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அதிலிருந்துதான் தொடங்குகிறது. மலைமேல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகை இன்று தர்கா. மன்னனின் பட்டப்பெயர்கள் இன்னும் அந்தக் கல்லில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை சந்தைக்கு வருகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். ரோஜாச் செடி, லவ் பேர்ட்ஸ், யாரோ கழித்துப்போட்ட மிக்ஸி, ஒரு சக்கரம் இல்லாத சைக்கிள் என்று பேரம் நடக்கும். பழசை இவ்வளவு ஆசையாகப் புரட்டிப் பார்க்கிற கூட்டம் எந்த அருங்காட்சியகத்துக்கு வருகிறது?

சங்கம் வைப்பதும் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஜார்ஜ் டவுன் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள் 1911இல் வேலையை விட்டுப் பல்லாவரம் வந்தார், சன்மார்க்க சங்கம் நடத்தினார், நூலகம் சேர்த்தார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் கிளம்பியதும் அவருடைய பல்லாவரம் வீட்டிலிருந்துதான். அவர் விட்டுவந்த கல்லூரியோ 1937இல் அவரையும் தாண்டித் தாம்பரத்துக்குக் குடிவந்தது. இந்த ஊரில் மொழிக்காகக் கூடியவர்களுக்கும் கால்வாய்க்காகக் கூடுகிறவர்களுக்கும் வழிமுறை ஒன்றுதான்: சந்தா, கூட்டம், தீர்மானம். அந்தத் தீர்மானப் புத்தகத்தில் குகைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் தொல்லியல் துறையே நாலு முறை எட்டிப்பார்க்கும்.

குரோம்பேட்டைக்குப் பெயர் குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. தோல் பதனிட்ட ஆலையின் பெயரை ஊரே சுமக்கிறது. அடுத்தது சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. ஊருக்கு வெளியே நல்ல காற்று என்று தேடி வந்த இடத்தில் இப்போது ஜி.எஸ்.டி. ரோட்டுப் புகை.

தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி வளாகத்துப் புதர்க்காடு மட்டும் தப்பியிருக்கிறது. 2021இல் பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரம் மாநகராட்சிக்குள் போயின. நலச்சங்கத்துக்காரர்கள் பழைய மனுவையே எடுத்து, பெறுநர் என்ற இடத்தில் ‘ஆணையர்’ என்று திருத்திக்கொண்டார்கள்.