நாற்காலியிட்ட காப்பிச்சாலை

உண்ட பொருளினும் உண்ட இடமே சிலர் நெஞ்சில் நெடுநாள் நிற்கும். ஆங்கிலநாட்டு முதியோர் தம் இளமையை எண்ணுங்கால், வெள்ளை விரிப்பிட்ட மேசையும், பூவேலைக் கிண்ணமும், அன்னை கைப்பற்றிச் சென்ற தேநீர்ச்சாலையும் அவர் கண்முன் வருமென்பர். லண்டன் மாநகரில் ஏ.பி.சி. என வழங்கிய ரொட்டி வாணிகக் கழகத்தார் 1864-இல் இத்தகைய சாலையொன்றைத் திறந்தனர். லயன்ஸ் கழகத்தார் 1894-இல் பிக்காடிலித் தெருவில் தம் முதற் சாலையைத் தொடங்கினர். ஆடவர் துணையின்றிப் பொதுவிடத்தில் அமர்ந்துண்ணல் மாதர்க்கு இழுக்கெனப் பலர் கருதிய காலம் அது. அக்காலத்தே அவர்கள் அச்சமின்றிப் புகுந்து அமர இச்சாலைகள் இடந்தந்தன. வாக்குரிமை வேண்டிய பெண்டிரும் அங்கே கூடிப் பேசினர். தேநீரோடு இருக்கையும் கிடைத்ததே அவற்றின் பெருமை.

எனக்கும் அத்தகைய நினைவொன்று உண்டு. எங்கள் ஊர் பாகூர் வட்டாரத்துச் சிற்றூர். பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடு, பாகூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் அறக்கொடையாக வந்ததைக் கூறும். அத்துணைப் பழம்புகழ் வாய்ந்த நாட்டில், பிறர் நிலத்தை உழுது, ஏரித் தண்ணீரைப் பிறர் வயலுக்குப் பாய்ச்சி வாழ்ந்தவர் என் தாத்தா. ஈஸ்டர்த் திருநாள் கழிந்து வில்லியனூர் லூர்து மாதா திருவிழா வரும்போது, பேரப்பிள்ளைகளை அவர் தவறாது அழைத்துச் செல்வார். 1877-இல் எழுந்த அத்திருத்தலத்தின் குளக்கரையில் மெழுகுவத்தி ஏற்றி வணங்குவோம்; பின்னர்ப் பேருந்தேறிப் புதுவை செல்வோம். கடற்கரையைக் காண்பது எங்கள் ஆசை. நேரு வீதியிலிருந்த இந்தியன் காபி ஹவுசில் அமர்வது அவர் ஆசை.

அங்கே தாத்தா நடந்துகொள்ளும் முறை தனியழகுடையது. சட்டையின் மேற்பொத்தானைப் பூட்டிக்கொள்வார். தோளில் கிடந்த துண்டை மடித்து மடிமேல் வைப்பார். நாற்காலியை ஓசையின்றி இழுத்து, முதுகு நன்கு சாயுமாறு அமர்வார். கிண்ணம் வந்தபின் ஆவி அடங்குமளவும் அதனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். குடித்து முடித்த பின்னும் எழ மனம் வாராது. ஒருநாள் யான், “தாத்தா, நம் தெருமுனையிலேயே தேநீர் கிடைக்கின்றதே! இதற்கெனப் பேருந்துக்குப் பணம் கொடுப்பானேன்?” என்று கேட்டேன். அவர் நகைத்து, “அங்கே நமக்கு நாற்காலி இல்லை, கண்ணு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் மறைந்த ஆண்டில் பாட்டி எஞ்சியதைக் கூறினாள். தாத்தாவின் இளமையில், ஊரிலிருந்த தேநீர்க்கடையுள் எம்மவர் புகுதல் ஆகாது. கூரைச் செத்தையில் செருகி வைத்த கொட்டாங்கச்சியே அவர்க்குரிய கலம். பிற்காலத்தில் தனிக்குவளை வந்தது. அதனையும் குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே குந்தியிருத்தல் வேண்டும். காசினை மட்டும் கடைக்காரர் ஒரே பெட்டியில் இட்டார்!

இஃது ஓரூரின் வழக்கமன்று. ஒரு சமயத்தாரின் குற்றமுமன்று. புதுவைச் சம்பா கோயிலுள் சாதி பிரித்து நின்ற சுவரொன்றையும், அஃது 1745-இல் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு உரைக்கின்றது. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்த சாதிப்பெயரை நீக்குமாறு பெரியாரின் தொண்டர்கள் 1957-இல் பல மாதம் மறியல் செய்தனர். கடை, உணவுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை அணுகச் சாதி தடையாகாதென்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின் 15-ஆம் பிரிவு விதித்தது. 1962-இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அவ்வுரிமை எங்கட்கும் உரியதாயிற்று. எனினும் ஏட்டிலிருந்து எங்கள் தெருமுனைக்கு வர அதற்கு நெடுங்காலம் பிடித்தது.

காபி ஹவுசின் வரலாறும் இதனோடு இயைவதே. காப்பி வாரியம் தன் சாலைகளை 1950-களில் மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர் ஏ.கே. கோபாலன் முதலியோர் துணையுடன் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாமே அவற்றை நடத்தலாயினர். பரிமாறுவோரே உரிமையாளருமான இடத்தில், உழவரொருவர் தலைநிமிர்ந்து அமர்ந்ததில் வியப்பென்ன? யான் மார்டெல் என்னும் கனடா எழுத்தாளர் 2001-இல் வெளியிட்ட தம் புதினத்தின் முன்னுரையில் நேரு வீதிச் சாலையைக் குறித்து அதனை உலகறியச் செய்தார். எங்கள் வீட்டில் அதன் புகழ் வேறு காரணம் பற்றியது.

இந்நாளில் எங்கள் ஊர்க்கடையில் எல்லார்க்கும் காகிதக் குவளையே. குடித்தவர் எவராயினும் அது குப்பைக்கே செல்லும். ஆதலின் இரட்டைக் குவளை ஒழிந்ததெனச் சிலர் மகிழ்வர். குவளையைக் கழுவும் தேவை ஒழிந்ததை யான் அறிவேன். மனம் கழுவப்பட்டதா என்பதைக் குவளை காட்டாது, கடைமுன் கிடக்கும் பெஞ்சே காட்டும். நண்பர்காள், விடுமுறையில் நும் ஊர் செல்லுங்கால் அப்பெஞ்சைச் சற்று நோக்குங்கள். அதில் யார் அமர்கின்றனர், யார் நின்றவாறே குடித்துச் செல்கின்றனர் என்று எண்ணுங்கள். நிற்பவர் ஒருவர் இருப்பின், சற்றே நகர்ந்து அவருக்கு இடம் கொடுங்கள்.