இல்லாத ஓடுபாதையிலிருந்து சிகாகோ

சிகாகோ பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல் அந்த ஊர்க் கட்டடங்களை வரிசையாகச் சொல்லக்கூடிய ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எல்லாம் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் செய்த வேலை. 1982ல் வந்த முதல் பதிப்பிலேயே விமானம் கிளம்ப நிற்கும் இடம் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்ட். மிச்சிகன் ஏரியை ஒட்டி, ஊரின் வாசலிலேயே ஒரே ஒரு ஓடுபாதை, சுமார் 3,900 அடி நீளம். அதை எழுதிய ப்ரூஸ் ஆர்ட்விக் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஊர்ப் பாசமாக இருக்கலாம்!

அடுத்தடுத்த பதிப்புகளிலும் அதே இடம்தான் பல வருஷம் தொடர்ந்தது. வடக்கே பார்த்துக் கிளம்பினால் வலது பக்கம் முழுக்கத் தண்ணீர், இடது பக்கம் முழுக்க ஊர். கறுப்பாக, தலையில் இரண்டு ஆண்டெனாவோடு நிற்பது சியர்ஸ் டவர் (2009லிருந்து பெயர் வில்லிஸ் டவர்). இன்னும் வடக்கே போனால் ஹான்காக்.

புதிதாக ஓட்டுபவர் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுவார். மெய்க்ஸ் இருக்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து 593 அடி. தரையில் நிற்கும்போதே ஆல்டிமீட்டர் அதைத்தான் காட்டும். சியர்ஸ் டவரின் உயரம் 1,451 அடி, ஆண்டெனா இல்லாமல். ஆக, ஆல்டிமீட்டரில் 2,000 வந்தாச்சு, இனிமேல் பயமில்லை என்று ஊருக்குள் திரும்புகிறவர் அந்த மொட்டைமாடிக்குக் கீழேதான் பறந்துகொண்டிருப்பார். அப்புறம் என்ன, டமால்!

செஸ்னாவில் இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்க வசதி. ஆனால் இடது பக்கம் சாய்ந்து திரும்பினால், எதைப் பார்க்கத் திரும்பினாரோ அதை அந்த இறக்கையே மறைத்துவிடும். வேகத்தைக் குறைத்து, ஏரிக்கு மேலேயே நேராகப் போய், தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பதுதான் நல்ல வழி. ஒய் விசையைத் தட்டி, ஸ்லூ என்ற வசதியில் விமானத்தைப் பலூன் மாதிரி மிதக்கவிட்டு ஊர் சுற்றுபவர்களும் உண்டு. அதெல்லாம் போங்காட்டம்.

2003 மார்ச் 30 ராத்திரி, மேயர் ரிச்சர்ட் டேலி உத்தரவில் புல்டோசர்கள் நிஜ மெய்க்ஸுக்குள் நுழைந்தன. விடியும்போது ஓடுபாதை நடுவில் பெரிய பெரிய எக்ஸ் வடிவப் பள்ளங்கள். 16 விமானங்கள் சிக்கிக்கொண்டன. பிறகு பக்கத்து டாக்ஸிவேயில் ஓடித்தான் அவை வெளியேறின. செப்டம்பர் 11க்குப் பிறகு ஊருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது மேயர் சொன்ன காரணம். முன்னறிவிப்பு கொடுக்காததற்கு அபராதம் 33,000 டாலர். விமான நிலைய நிதியை இடிக்கிற வேலைக்குச் செலவழித்ததற்காக 10 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டவும் 2006ல் நகராட்சி ஒப்புக்கொண்டது. ஏரிக்கரையில் அவ்வளவு இடத்துக்கு இது ரொம்பவே மலிவு.

அங்கே இப்போது பூங்கா. சொந்த விமானம் வைத்திருக்கும் சில பேருக்குப் பதிலாக ஊர் ஜனம் எல்லோரும் ஏரியைப் பார்க்கிறார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. பகலில், சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். அவ்வளவுதான்.

சிமுலேட்டரில் கதை வேறு. 2001 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து நியூயார்க் இரட்டைக் கோபுரங்களை மைக்ரோசாஃப்ட் உடனே எடுத்துவிட்டது. ஆனால் மெய்க்ஸ், இடித்த பிறகு 2003 ஜூலையில் வந்த பதிப்பிலும் முழுசாக இருந்தது. 2006 பதிப்பில்தான் காணாமல் போனது. ரசிகர்கள் விடுவார்களா? தாங்களே மெய்க்ஸைச் செய்து ஒட்டவைத்துக்கொண்டார்கள். நிஜத்தில் அந்த ஓடுபாதையில் கால் வைக்காதவர்கள்தான் அதில் பாதிப் பேருக்கு மேல் இருப்பார்கள்.

2022ல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் மைக்ரோசாஃப்டே மெய்க்ஸைத் திரும்பக் கொண்டுவந்தது. விளையாட்டை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசம். இந்தத் தடவை கட்டடங்கள் எல்லாம் தத்ரூபம். ஆனாலும் 2,000 அடியில் இடது பக்கம் திரும்பினால் டமால்தான் :-)