ஒரே வடு

சிங்கப்பூரில் நாம் பணத்தை ‘வெள்ளி’ என்று சொல்கிறோம். உணவங்காடியில் “நாலு வெள்ளி” என்று கேட்கும்போது அந்தச் சொல்லின் பின்னணியை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தில் புழங்கிய டாலர், உண்மையிலேயே வெள்ளி உலோகத்தால் ஆனது. அதிலிருந்த வெள்ளியே அதற்கு மதிப்பைத் தந்தது. அதனால் அதைப் போலவே செய்து இலாபம் பார்க்க நினைத்தவர்களும் இருந்தார்கள்.

என் தந்தை பழைய நாணயங்களைச் சேர்ப்பதில் ஆர்வம் கொண்டவர். அவர் விட்டுச் சென்றவற்றுள் நான்கு பிரிட்டிஷ் வர்த்தக டாலர்கள் இருந்தன. பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம். 1895ஆம் ஆண்டு முதல் அச்சடிக்கப்பட்ட இந்த நாணயங்கள் ஹாங்காங்கிலும் நீரிணைக் குடியேற்றங்களிலும் வணிகத்துக்குப் பயன்பட்டன. ஒரு பக்கத்தில் திரிசூலமும் கேடயமும் ஏந்தி நிற்கும் பிரிட்டானியாவின் உருவம் இருக்கும். பின்னால் கடலில் ஒரு கப்பல் தெரியும். மறுபக்கத்தில் சீன எழுத்துகளும் ஜாவி எழுத்துகளும் இருக்கும். பம்பாய் அக்கசாலையில் உருவானவற்றில், திரிசூலத்தின் நடு முனையில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து மிகச் சிறியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

சென்ற ஆண்டு என் தம்பி தன் பங்கு நாணயத்தை விற்க நினைத்தான். அவனுக்குத் தெரிந்த ஒருவர் அதை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் பணத்தை மகனின் பள்ளிப் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். விற்பதற்கு முன்பு ஒருமுறை சோதித்துவிடலாம் என்று, உயர்நிலை இரண்டில் படிக்கும் தன் மகனையும் அழைத்துக்கொண்டு சுவா சூ காங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்தான்.

முதலில் எடை பார்த்தோம். உண்மையான வர்த்தக டாலர் 26.95 கிராம் எடையும் ஏறத்தாழ 39 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டது. தம்பியின் நாணயத்தில் இரண்டும் ஏறத்தாழச் சரியாகவே இருந்தன. காந்தத்தில் அது ஒட்டவில்லை. ‘பி’ எழுத்தும் அதற்குரிய இடத்தில் இருந்தது. தம்பியின் முகம் மலர்ந்தது.

ஆனால், எடையைச் சரிக்கட்டுவது போலி நாணயம் செய்பவருக்குக் கடினமன்று. அவருக்குக் கடினமானது அச்சு. நாணயம் செய்ய, உருவம் செதுக்கிய இரண்டு எஃகு அச்சுகளுக்கு இடையே உலோக வில்லையை வைத்துப் பெரும் விசையுடன் அழுத்துவார்கள். அச்சில் உள்ள ஒவ்வொரு நுணுக்கமும் வில்லையில் பதியும். அச்சில் ஒரு கீறலோ வெடிப்போ இருந்தால், அந்த அச்சிலிருந்து வரும் எல்லா நாணயங்களிலும் அது மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். நாணயம் புழக்கத்துக்கு வந்த பிறகு அதன்மேல் விழும் கீறலோ பள்ளமாகத்தான் இருக்கும். மேடு, அச்சின் வரலாறு. பள்ளம், அந்தத் தனி நாணயத்தின் வரலாறு.

நான் என் பங்கு நாணயத்தையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் 1902 என்றே இருந்தது. தம்பி மகன் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். சிறிது நேரத்தில், “அத்தை, இரண்டுக்கும் ஒரே இடத்தில் அடிபட்டிருக்கிறதே!” என்றான்.

நானும் பார்த்தேன். கேடயத்தின் அருகே ஒரு சிறு பள்ளம். கப்பலுக்கு மேலே ஒரு கீறல். இரண்டு நாணயங்களிலும் அதே இடம், அதே வடிவம், அதே நீளம். இரண்டு நாணயங்கள் இருவேறு கைகளில் புழங்கியிருந்தால், இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி அடிபட்டிருக்க முடியாது. பழைய நாணயம் ஒன்றை மாதிரியாகக் கொண்டு யாரோ போலி அச்சு செய்திருக்கிறார்கள். அந்த நாணயத்தின் வடுக்களும் அச்சுக்குள் போய்விட்டன. பிறகு, அதிலிருந்து வந்த ஒவ்வொரு போலியும் அதே வடுக்களுடன் பிறந்திருக்கிறது.

தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வாங்குபவர் இவ்வளவு கூர்ந்து பார்க்கமாட்டார், அக்கா. எடை சரியாக இருந்தால் போதும் என்றுதான் சொன்னார்” என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் மகன் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பணம் யாருக்காக என்பது அவனுக்கும் தெரியும். தம்பி கைப்பேசியை எடுத்து, வாங்கவிருந்தவரிடம் நடந்ததைச் சொன்னான். “இது போலி. உங்களுக்கு விற்க மாட்டேன்” என்று சொல்லி முடித்தான்.

நாணயத்தைச் சோதிப்பது நம் மரபில் பழைய தொழில். சங்கப் புலவர் சிலரின் பெயர்களில் ‘வண்ணக்கன்’ என்ற சொல் இடம்பெறுகிறது. நாணயத்தின் தரத்தை ஆராய்ந்து சொல்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர். வர்த்தக டாலர் புழங்கிய நாளில் சீன வணிகர்களும் தாம் சோதித்த நாணயத்தின்மேல் தம் சிறு முத்திரையைக் குத்தி அனுப்பினார்கள். அடுத்துப் பெறுபவருக்கு அது ஓர் உறுதிமொழி. காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் வழங்குவதை அன்று நினைத்துக்கொண்டேன்.

போலி நாணயம் கைமாறிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், அதைச் செய்தவர் மட்டும் அல்லர். அது போலி என்று தெரிந்தபின்னும் அடுத்தவர் கையில் தள்ளிவிடுபவரும்தான். அந்த இரண்டு நாணயங்களும் இப்போது தம்பி மகனிடம் இருக்கின்றன. அவற்றை ஓர் உறையில் இட்டு, மேலே ‘போலி’ என்று அவனே எழுதி வைத்திருக்கிறான்.