முகடு வந்தால் மட்டும் போதாது

மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் கண்ணில் படாது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் அயனியாக்கும் வழியைக் காட்டியதற்காகத்தான் 2002 வேதியியல் நோபல் பரிசில் ஜான் ஃபென்னும் கோயிச்சி டனாக்காவும் பங்கு பெற்றார்கள். மாதிரியைச் சுத்திகரிக்காமல், திறந்த காற்றில் வைத்தே அயனியாக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் அடுத்த ஆசை.

அதற்கு நான் மிகவும் விரும்பும் வழி காகிதச் சாரல். 2010-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் கிரஹாம் குக்ஸும் சகாக்களும் வெளியிட்டது. வடிதாளை முக்கோணமாக வெட்டி, ஒரு சொட்டு டிகாக்‌ஷன் விட்டு உலரவைக்கிறோம். கிளிப்பில் கவ்வி, மெத்தனாலும் தண்ணீரும் கலந்து நனைத்து, சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால் கூர்முனையிலிருந்து நுண்துளிகள் பறக்கும். துளிகள் உலர உலர அயனிகள் கருவிக்குள் போகும். நிறமாலையில் நிறை-மின்னூட்ட விகிதம் 195-இல் காஃபீனின் முகடு எழும். வெட்டும் கையில்தான் பாதி வேலை இருக்கிறது. நுனியில் ஒரு நார் பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தால் சாரல் இரண்டாகப் பிரியும், சிக்னல் தள்ளாடும்.

முகடு எழுந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அது மாதிரியிலிருந்துதான் வந்ததா? 391-இல் வருவது பெரும்பாலும் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் தாலேட். குழாயிலிருந்தோ கையுறையிலிருந்தோ வந்திருக்கும். மாதிரியில்லாத காகிதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். வோல்டேஜை நிறுத்திப் பார்க்க வேண்டும். மூன்று டியூட்டீரியம் ஏற்றிய காஃபீனை விட்டால் முகடு 198-க்கு நகர வேண்டும். நகர்ந்தால்தான் நம்புவேன்.

2014-இல் சென்னை ஐஐடியின் பிரதீப் குழுவும் குக்ஸும் சேர்ந்து, கார்பன் நானோகுழாய் ஏற்றிய காகிதத்தில் வெறும் 3 வோல்ட்டில் அயனிகளை எடுத்துக் காட்டினார்கள். ஆயிரங்களில் இருந்த வோல்டேஜ் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது பெரிய காரியம்தான். நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது, எண்ணைச் சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதை. துளி இல்லாமல் மின்புலமே மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் வழக்கமான புல அயனியாக்கமாக இருக்குமோ என்று ஆராய்ந்து அதை விலக்கினார்கள். நுண்ணோக்கியில் பார்த்து, காகிதப் பரப்பில் உள்ள நானோ அளவிலான கூர்மைகள்தான் வலுவான மின்புலத்தைத் தருகின்றன என்று காட்டினார்கள். நுண்துளிகளே வெளியேறுகின்றன என்ற விளக்கம் அதன் பிறகு வந்தது.

புதிய முறை கண்டு கட்டுரை எழுதும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாதிரியில்லாமல் எடுத்த நிறமாலையைப் பின்னிணைப்பில் ஒளிக்காதீர்கள். முதல் படத்திலேயே, உங்கள் முகட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள்.